மூச்சுக்குச்சி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதை நீட்டினாலும் கட்டைவிரலை வைத்துவிடும் வியாதி. ஒரு கண்ணாடித் துண்டை முகத்துக்கு நேரே காட்டினால் போதும், என்ன ஏது என்று கேட்பதில்லை, விரல் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் கைநாட்டு வைத்தால் விரலில் மையாவது இருக்கும். வீட்டுக்குப் போனதும் பொண்டாட்டி பார்த்து, "எதை எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீக?" என்று பிடித்துக்கொள்வாள். இப்போது மையும் இல்லை, கேள்வியும் இல்லை.

எங்கள் ஊர் தாண்டிப்பாறை அப்படித்தான் தன் மண்ணின் மூச்சை எழுதிக் கொடுத்தது. என் பேர் சன்னாசி, வயது எழுபத்தைந்து. மூன்றாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இதில் பாதியை நானே நம்பவில்லை.

தாண்டிப்பாறை கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் இருக்கிறது. சரிவில் படிப்படியாக வெட்டிய காடுகள். விளைகிற நிலத்தையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மூன்றரை மணி நேரம் மலை இறங்க வேண்டும். என் அண்ணன் அங்கண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிழங்கு லாரியில் ஏறியவர், பாதி வளைவிலேயே போய்ச் சேர்ந்தார். லாரி சந்தைக்குப் போய்விட்டது. அவரை மட்டும் ஒரு ஜீப்பில் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு மறு வருடம், இரண்டாயிரத்து நாற்பத்தாறில், கம்பெனி வந்தது. ஊருக்கு ஒரு பறக்கும் வண்டி தருகிறோம் என்றது. நாலு காற்றாடி, டிரைவர் கிடையாது. ஆளைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினால் பத்தொன்பது நிமிடத்தில் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும். பதிலுக்கு, மண்ணுக்குள் இருக்கும் கரியை நாங்கள் வெளியே விடக் கூடாது.

"மண்ணுக்குள்ள கரியா? யாரு கொண்டுபோய்ப் போட்டது?" என்று கேட்டேன்.

வந்தவன் சிரித்தான். இலை, தழை, வேர் மக்கி மண்ணோடு சேர்வதெல்லாம் கரிதானாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து அதைத் தின்று, நம்மைப் போலவே மூச்சு விடுகின்றனவாம். அந்த மூச்சோடு கரி மேலே போய் வானத்தைச் சூடாக்குகிறதாம். அதனால் ஒவ்வொரு காட்டிலும் ஒரு குச்சி நடுவார்கள். முதலில் பதினைந்து நாள் மண்ணின் மூச்சை எண்ணி, இதுதான் இந்தக் காட்டின் அளவு என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் வைகாசியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை பார்ப்பார்கள். அளவுக்குள் இருந்தால் குச்சியில் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் அந்தக் காட்டை ஏழு வருடம் கறுப்புப் படுதா போட்டு மூடிவிடுவார்கள். படுதா போடவிடாவிட்டால் ஊருக்கே வண்டி கிடையாது.

முதல் ஆளாக விரல் வைத்தது என் மதினி பெருமாயி, அங்கண்ணன் பொண்டாட்டி. "இந்த வண்டி அன்னைக்கு இருந்திருந்தா, இந்நேரம் அந்த மனுசன் சோத்துல உப்பு இல்லைன்னு என்னைய வைஞ்சுக்கிட்டு இருப்பாரு" என்றாள். அதற்குமேல் யார் பேச முடியும்? கடைசி ஆளாக நான் வைத்தேன். ஆறு மாதத்தில் காட்டெருமை என் மகன் கதிர்வேலுவை இடுப்பில் முட்டித் தூக்கி எறிந்தது. பத்தொன்பது நிமிடம் என்றார்கள், பதினெட்டிலேயே இறக்கியது. ஆகவே வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். குச்சியைத்தான் சொல்வேன்.

மேல்மலை மண் புளித்த மண். அடைமழை நல்லதையெல்லாம் அரித்துக்கொண்டு போகும், மிச்சத்தை யூரியா புளிக்க வைக்கும். புளிப்பு முறியச் சிலர் சுண்ணாம்பு போடுவார்கள். பெருமாயி இருபது வருடமாகத் தவறாமல் போடுகிறவள். புரட்டாசியில் சூளைக் கல்லை வரவழைத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். அது கொதித்து, புகைந்து, மாவாக உதிரும். ஆறியதும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சுளகில் அள்ளி வீசுவாள். நான் என் ஆயுசில் ஒரு பிடி போட்டதில்லை. சுண்ணாம்பு சுவருக்கு. அதை விட்டால் வெற்றிலைக்கு.

"என்ன மதினி, காடு வெத்தல போடுதா?" என்பேன்.

"போடுது கொழுந்தனாரே. உங்க காட்டுக்குத்தான் பல்லு பூராம் விழுந்துருச்சே, அது எங்கிட்டுப் போடும்?" என்பாள்.

அந்த ஐப்பசியில் அவள் குச்சி சிவந்தது. மறு வைகாசியில் இன்னொரு தடவை. என் குச்சி ஊரிலேயே பச்சையிலும் பச்சை. கம்பெனிக்காரர்கள் என் காட்டில் 'முன்மாதிரி மண்' என்று ஒரு போர்டு நட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் சிவப்புக்குப் பிறகு, ஆவணியில், ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஃபர்சானா என்று பேர், திண்டுக்கல்காரி. முப்பது வயதிருக்கும். மண்ணைப் பற்றியே படித்தவளாம். இரும்புக் குழாயை இடுப்பளவு ஆழத்துக்கு அடித்து இறக்கி, உருவி, உள்ளே இருந்த மண்ணை நெடுக்க வெட்டிப் பார்த்தாள். பெருமாயி காட்டில் அரை நாள் இருந்துவிட்டு என் காட்டுக்கு வந்தாள். போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழாயை இறக்கினாள்.

"நம்ம காடு எப்படிம்மா?"

"அமைதியா இருக்குங்கய்யா."

"அதான் போர்டே வச்சிருக்காகளே."

"சுடுகாடும் அமைதியாத்தான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "வந்த இடத்துல வாய் ரொம்ப நீளுதே?"

"கோவிச்சுக்காதீங்க. இதைப் பாருங்க." உள்ளங்கையில் ஒரு கட்டியை உடைத்துக் காட்டினாள். "ஒரு மண்புழு இல்ல. போன வருசத்துப் பூண்டு வேரு மக்காம அப்படியே கிடக்கு. திங்க ஆளில்ல. புளிப்பு தாங்காம பூச்சியெல்லாம் சுருண்டு படுத்துருச்சு. பட்டினி கிடக்குறவன் என்னத்தப் பெருமூச்சு விடப் போறான்?"

"மூச்சு விடாட்டி கரி உள்ளயே தங்கும்னு உங்க ஆளுகதானே சொன்னாக? மக்காத வேரும் கரிதானே?"

"அது வைக்கப்போரு மாதிரி. ரெண்டு வெயிலு, ஒரு மழை, போயிரும். தங்குற கரி வேற." அவள் பெருமாயி காட்டுப் பக்கம் கை காட்டினாள். "அங்க சுண்ணாம்பு போட்டதும் பூச்சி முழிச்சுக்கிருது. திங்குது, மூச்சு விடுது. அதைத்தான் குச்சி எண்ணுது. ஆனா தின்னதுல ஒரு பங்கு அது உடம்பாகுது. பெருகிச் சாகுது. செத்த உடம்பு களிமண்ணோட ஒட்டிக்கிட்டுக் காலத்துக்கும் கிடக்கும். அதைக் குச்சி பாக்காது. வீட்டை விட்டுப் போறவனை மட்டும் எண்ணுற வாட்ச்மேன் மாதிரி. உள்ள வந்தவனுக்குக் கணக்கில்ல."

"அப்ப அவ காட்டுல கரி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? ஒரே சொல்லாச் சொல்லு."

"கூடியிருக்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்யா. மண்ணைக் கீழ அனுப்பிச் சோதிச்சாத்தான் தெரியும்."

அந்த ஒரு பதிலுக்காக அவளைக் கொஞ்சம் பிடித்தது. மற்றபடி நம்பவில்லை. ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பு போடாமல் நானும் பூண்டு தின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

குழாயைத் துடைத்துக் கட்டிவிட்டு, கம்பெனிக் கண்ணாடித் துண்டில் எதையோ தள்ளிப் பார்த்தாள். "முதல் அளவு எடுத்தது பங்குனி எட்டாம் தேதியில இருந்து பதினஞ்சு நாளு. அப்ப இங்க காட்டுல என்ன வேலை நடக்கும்?"

"ஒரு வேலையும் நடக்காது. காளியம்மனுக்குக் காப்புக் கட்டுன நாளு."

"காப்புக் கட்டுனா?"

சொன்னேன். காப்புக் கட்டினால் பதினைந்து நாள் எங்கள் ஊரில் யாரும் மண்ணில் இரும்பு வைக்கக் கூடாது. மம்பட்டிகளையெல்லாம் கழுவிக் கோயில் வாசலில் அடுக்கிவிடுவோம். வீட்டில் தாளிப்பது பொரிப்பது கிடையாது. வெளியூரில் ராத்தங்கல் கிடையாது. எல்லோரும் ஊரில் இருப்பார்கள், விரல் வாங்கச் சுளுவாக இருக்கும் என்று ஊர்ப் பெரியதனம் தங்கச்சாமிதான் கம்பெனியை அந்த நாளில் வரச் சொன்னார். அம்மன் நாள், நல்லதாகவும் போச்சு என்றார்.

ஃபர்சானா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "தூங்குறவனோட மூச்சை எண்ணி, இதான் உன் அளவுன்னு எழுதிட்டாங்க. இனி எந்திரிச்சு நடந்தாலே குத்தம்."

"என் காடு நடந்தும் அளவு மிஞ்சலையே?"

அவள் காலடியில் கிடந்த மண்கட்டியை எடுத்து மறுபடி காட்டினாள்.

"இப்ப என்ன செய்யணும்கிற?"

"அந்த நாள்ல காட்டுல வேலையே நடக்கலைன்னு ஊரு எழுதிக் குடுத்தா அளவை மறுபடி எடுக்கணும். ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் அந்தம்மா காட்டுல யாரும் படுதா போட முடியாது."

"வண்டி?"

"ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பாங்க. வண்டியைக் கீழ கொண்டுபோயிருவாங்க."

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியதனம் எழுந்ததும் அழாத குறையாகப் பேசினார். "என் மகளுக்குப் புரட்டாசி கடைசியில தேதி குடுத்திருக்காக. பிள்ளை குறுக்க கிடக்காம். ஒரு காட்டுக்காக வண்டிய அனுப்பிச்சிட்டு நான் என்ன செய்ய?"

பெருமாயி எழுந்தாள். "அனுப்பச் சொல்லல மாமா. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். எனக்கு இருக்கிறது எண்பது சென்டு. மலைப்பூண்டு விதைய ஏழு வருசம் பரண்ல வச்சிருக்க முடியுமா? வருசா வருசம் நட்டாத்தான் விதை. ஒரு வருசம் விட்டா ஊதுகாத்துல போன உமி. காடும் போயி விதையும் போனா நான் எதை வச்சுப் பொழைக்க?"

ஃபர்சானா சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். "ஐயா, நீங்க நேத்து எங்கிட்டச் சொன்னதை இங்க சொல்லுங்க. அந்தப் பதினஞ்சு நாளு காட்டுல வேலை நடந்துச்சா?"

சன்னாசி மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவான் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. நல்ல பேரா கெட்ட பேரா என்பது வேறு. கதிர்வேலு எதிரே ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குள் கம்பி வைத்திருக்கிறது, நேராக உட்கார வராது. டாக்டர் இன்னும் இரண்டு தடவை வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"நடந்துச்சு" என்றேன்.

ஃபர்சானா முகம் செத்துப் போயிற்று. பெருமாயி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "கொழுந்தனாருக்கு வயசாயிருச்சு, ஞாபகம் தப்பியிருக்கும்" என்றாள். வைதிருந்தால் தேவலை.

அந்தப் புரட்டாசியில் ஊர் அவளைச் சுண்ணாம்பு போடவிடவில்லை. பெரியதனத்தின் மகளுக்கு விடிகாலையில் வலி எடுத்தது, வண்டியில் போய் ஆண்பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம். இதையும் சொல்லத்தான் வேண்டும். பொய்யால் ஒரு நன்மையும் விளையவில்லை என்று எழுதினால் எனக்குக் கதை சுலபமாக முடிந்துவிடும். முதல் ஆளாகப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தவளும் பெருமாயிதான்.

ஐப்பசி அளவு நெருங்கியது. நடவுக்காலம். எல்லாரும் கொத்திக் கிளறினால் இன்னும் எத்தனை காடு சிவக்குமோ என்று பெரியதனத்துக்குப் பயம். பூசாரி கனவில் அம்மன் வந்து, ஐப்பசியிலும் தனக்கு ஒரு காப்பு வேண்டும் என்று கேட்டாளாம். கம்பெனி அளவெடுக்கிற தேதி அம்மனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டிருப்பேன். கேட்கிற யோக்கியதை போய்விட்டது. வழக்கப்படி மூத்த குடியானவன் முதல் மம்பட்டியை வைக்க வேண்டும். வைத்தேன். பெருமாயியும் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் இரும்பு வைக்கல மாமா. காட்டுக்குள்ள இருக்கிற பூச்சிக்கு யாரு காப்புக் கட்டுறது?" என்று பெரியதனத்திடம் கேட்டாள்.

பதினைந்து நாள் ஊர் தூங்கியது. எல்லாக் குச்சியும் பச்சை. இருபது வருடம் சுண்ணாம்பு தின்று முழித்த காடு மட்டும், பங்குனி வறட்சியில் படுத்ததுபோல் ஐப்பசி ஈரத்தில் தூங்கவில்லை. மூன்றாம் சிவப்பு.

படுதா போட ஆறு பேர் வந்தார்கள். கறுப்புத் தாளை விரித்து, ஓரத்தில் முழ நீள ஆணிகளை அடித்து, மேலே சரளை கொட்டினார்கள். மூன்று மணி நேர வேலை. பெருமாயி வரப்பில் நின்று, ஒருவனைக் கூப்பிட்டு, "அந்த மூலையில ஓடைத்தண்ணி ஏறும்ப்பா, ரெண்டு ஆணி சேத்து அடி" என்று சொன்னாள். அவன் இரண்டு ஆணி சேர்த்து அடித்தான்.

மறுநாள் விதைப்பூண்டு மூட்டையை என் வாசலில் இறக்கினாள். "போர்டு வச்ச காடுல்ல. இதுல நட்டு, விதைய மட்டும் காப்பாத்திக் குடுங்க. விளைச்சல் உங்களுக்கு" என்றாள். குத்திப் பேசினாளா, நம்பித்தான் கொடுத்தாளா, இன்றுவரை தெரியாது.

நட்டேன். என் பூண்டுக்குச் செய்வதைவிட ஒரு படி கூடவே செய்தேன். குழி எரு வைத்தேன், வேலிக்கு முள் கட்டினேன். முதல் வெள்ளாமையில் பாக்கு அளவு வந்தது. மழை சரியில்லை என்றேன். அதிலேயே பெரிதாகப் பொறுக்கி மறு வருடம் நட்டேன். சுண்டைக்காய் அளவு வந்தது. பனி ஜாஸ்தி என்றேன். பெருமாயி சரி என்று தலையை ஆட்டினாள். கதிர்வேலுதான் ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது, "யப்பா, மழையையும் பனியையும் எம்புட்டு நாளைக்குத்தான் வைவீக?" என்று கேட்டான். அவனுக்கு இரண்டு வெட்டும் முடிந்து ஊன்றுகோலை விட்டிருந்த நேரம். நான் பாதிக் கஞ்சியில் எழுந்துவிட்டேன்.

போன புரட்டாசியில் ஒரு லாரி ஏறி வந்தது. முழுக்கச் சுண்ணாம்புத் தூள் மூட்டை. கூடவே ஃபர்சானாவும். இரண்டு வருடத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

அவள் அன்று எடுத்த மண்ணின் சோதனை எப்போதோ வந்துவிட்டதாம். கம்பெனி அதைப் பெட்டிக்குள் வைத்திருந்து, நாலு ஊரில் சோதித்துவிட்டு, இப்போதுதான் ஒத்துக்கொண்டதாம். பெருமாயி காட்டின் அடிமண்ணில் கரி என் காட்டைப்போல இரண்டு மடங்கு. ஆகவே இனி எல்லாக் காட்டிலும் சுண்ணாம்பு கட்டாயம். குச்சிக்கும் புதுக் கணக்கு.

"அப்ப என் படுதாவ எடுக்க ஆளு வந்திருக்கா?" என்று பெருமாயி லாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஃபர்சானா குனிந்துகொண்டாள். "ஒப்பந்தத்துல ஏழு வருசம்னு இருக்கும்மா. அதை மாத்த விதி இல்லங்குறாங்க. மூணு தடவை எழுதிப் போட்டேன். இன்னும் அஞ்சு வருசம்..."

"ஊருக்கே நல்ல காடு என்னோடதுங்குற. அது மட்டும் மூடிக் கிடக்கணும்."

"ஆமாம்மா."

பெருமாயி சிரித்தாள். வயிறு எரிந்து சிரிக்கிற சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தாள். பிறகு ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் காட்டைப் பார்த்து நடந்தாள். அறுபத்தெட்டு வயது. நான் பின்னாலேயே ஓடி வரப்பில் மறித்தேன்.

"எங்க போறீக மதினி?"

"விதை ரெண்டு படிதான் மிச்சம் கொழுந்தனாரே. இந்தத் தடவையும் உங்க புளிச்ச மண்ணுல போட்டா அம்புட்டுத்தான், அடுத்த வருசம் நட ஒண்ணும் இருக்காது."

"சுண்ணாம்பு போட்டா வந்துருமா?"

"வரும்."

"முந்தாநாளு வேணாம்னவனும் இந்தக் கம்பெனிக்காரன்தான், இன்னைக்குப் போடுங்குறவனும் இவன்தான். நாளைக்கு என்ன சொல்லுவானோ."

"அவன் சொல்லியா நான் போட்டேன்? அவன் இந்த மலையேறுறதுக்கு முந்தியே போட்டேன்."

அவள் சொன்னது சரிதான். சரி என்பதற்காகச் சுண்ணாம்பை நம்பிவிட முடியாது.

"குச்சி சிவந்து, எனக்கும் படுதா போட்டாகன்னா?"

"போட வந்தா கூப்பிடுங்க. உங்களுக்காக நான் ஒரு பொய் சொல்றேன்."

மூட்டை அவள் தோளிலேயே இருந்தது. மூச்சு வாங்கியது. நான் வரப்பை விட்டு இறங்கி வழி விட்டேன். அவள் உள்ளே போனாள். முந்தானையை மூக்கில் கட்டினாள். முதல் சுளகு வெள்ளையாக என் மண்ணில் விழுந்தது.

பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிக் கீழ்ப்பாதையில் நடந்தேன். எதிரே வந்த ஃபர்சானா, "ஐயா, நீங்களே போடச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எங்க சொன்னேன்? அவ போடுறா" என்றேன்.

"இந்தத் தடவை பாருங்க, நல்லா வரும்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும்யா."

போன தடவை சொன்ன பதிலே எனக்குப் பிடித்திருந்தது. அவளைத் தாண்டிக்கொண்டு போனேன். பூண்டு விளைந்தால் விளையட்டும். பெருமாயிக்கு விதை கிடைத்தால் அது போதும். இந்தச் சுண்ணாம்பையும் குச்சியையும் நான் நம்பவில்லை.